கவிழ்த்துப் பார்த்த பீங்கான்: ஏரல் வீட்டு அரங்கைக் காலி செய்தபோது

ஏரலில் அத்தை வீட்டுப் பின்கட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். அரங்கை, அதாவது சாமான் போட்டு வைக்கும் உள்ளறையைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளையும் வெண்கலமும் எடைக்குப் போய்விடும், அதில் யாருக்கும் குழப்பமில்லை. பீங்கான்தான் சிக்கல். ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு கடகப்பெட்டியும் நிறைய, வைக்கோலுக்கும் பழைய தினத்தாளுக்கும் நடுவே கோப்பையும் சாசரும் தட்டும் கிண்ணமுமாகக் கிடந்தன. அத்தையின் மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர், அவர் தம்பி ரங்கூனில் இருந்தவர். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு இதே கதைதான்.

பழைய சாமான் எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் ஏற்கெனவே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் நாலாயிரம் என்று சொல்லியிருந்தார். "போட்டிருவமாட்டி? இடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றார் அத்தை. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இருநூறு உருப்படிக்கு ஒருவர் ஒரே வாயில் விலை சொல்கிறார் என்றால் அவர் கண்ணில் ஒன்றிரண்டு பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஒன்றிரண்டு எவை என்று நமக்கும் தெரிய வேண்டாமா?

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைபேசி டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச், தையல் டேப், பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு நோட்டு. இவ்வளவுதான். லென்ஸ் மட்டும் நல்லதாக இருக்கட்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற வகை போதும்.

முதலில் கழுவ வேண்டும். அத்தை பழக்கதோஷத்தில் புளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பித்தளைக்குப் புளி சரி. பீங்கானில் பொன் கோடு போட்டிருந்தால் புளியும் எலுமிச்சையும் கிட்டவே வரக் கூடாது. அந்தப் பொன் மேலோட்டமாகப் பூசிச் சுட்டது, தேய்த்தால் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் ஆகாது. விரிசல் வழியே உள்ளே இறங்கி உப்பாகப் படிந்து, பிறகு மேலே கண்ணாடி மாதிரிப் படிந்திருக்கும் மெருகையே உரித்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு விட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு உருப்படியைத்தான் கழுவினேன். விரிசல் விட்டதை ஊறப் போடவில்லை, ஈரத் துணியால் துடைத்ததோடு சரி. வீட்டு போர் தண்ணீர் கரிப்பு என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர்.

காய்ந்ததும் பிரிப்பு. பீங்கான் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று நான்கு சாதி இருக்கிறது. அதைப் பிரிக்காமல் வயதையோ விலையையோ பேசவே முடியாது. இருட்டு அறையில் டார்ச்சை உள்பக்கம் அடித்து, அதன் முன்னால் உள்பக்கத்திலேயே விரலை வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து பாருங்கள். விரல் நிழல் தெரிந்தால் அசல் பீங்கான் அல்லது எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா. தெரியாவிட்டால் பெரும்பாலும் மண்பாண்ட வகையில் வெள்ளை மெருகு பூசியது, அல்லது மண்ணையே கல் மாதிரி இறுகச் சுட்ட கல்பாண்டம். மொத்தமான பீங்கானிலும் ஒளி வராது என்பதால் இது ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. அடுத்து உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் சுண்டிப் பார்க்க வேண்டும். பீங்கான் கணீர் என்று நீளமாகப் பேசும். மண்பாண்டம் 'டொக்' என்று நின்றுவிடும். பீங்கானே 'டொக்' என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது, தேடுங்கள்.

மூன்றாவது சோதனையை அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தார். கழுவிய தட்டின் அடிவட்டத்தில் மெருகு இல்லாத இடத்தை நாக்கு நுனியால் தொட்டேன். மண்பாண்டம் ஈரத்தை இழுப்பதால் நாக்கு லேசாக ஒட்டும். பீங்கான் 1,300 டிகிரி பக்கம் சுடப்பட்டு உள்ளெல்லாம் கண்ணாடியாக இறுகிப்போனது, ஒட்டாது. சீனாவில் ஜிங்தெசென் ஊர்க்காரர்கள் வெள்ளைக் களிமண்ணைக் கொண்டு இதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். ஐரோப்பாவில் மைசன் ஆலை 1710இல்தான் தொடங்கியது. ஆங்கிலேயர்கள் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கிட்டத்தட்ட பாதி அளவு மாட்டெலும்புச் சாம்பலைக் கலந்து போன் சைனா என்ற தனி வழி கண்டார்கள். அதன் வெள்ளையில் ஒரு பால் நிறம் உண்டு. சீன வெள்ளை சற்றே நீலமோ சாம்பலோ அடிக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். (எலும்பு விஷயத்தை அத்தையிடம் சொல்லவில்லை. சைவ வீடு. அந்த சாசரில்தான் நாற்பது வருடமாகக் காப்பி ஆற்றிக் குடிக்கிறார்.)

இனி முத்திரை. எல்லாரும் தட்டின் பூவைத்தான் பார்க்கிறார்கள். நான் எல்லாவற்றையும் துண்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடிப்பக்கத்தை மட்டும் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டேன்.

முத்திரையில் 'இங்கிலாந்து' என்று நாட்டுப் பெயர் இருந்தால் அனேகமாக 1891க்குப் பிறகு. அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்றது. ஆலைக்காரர்கள் ஊருக்கு ஒரு முத்திரை வைத்துக்கொள்ளாமல் எல்லாச் சரக்கிலும் அதையே அடித்தார்கள். அதனால் கொழும்புக்கு வந்த தட்டிலும் அது இருக்கிறது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. நாட்டின் பெயரே இல்லை என்றால் 1891க்கு முன் என்று துள்ளக் கூடாது. முத்திரையே அடிக்காமல் விட்டவையும் ஏராளம்.

சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கும் அரச முத்திரை போட்ட வெள்ளைத் தட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. வீட்டில் இதற்கு ஒரு கதை உண்டு, வெள்ளைக்காரத் துரை கொடுத்தது என்று. ஜான்சன் பிரதர்ஸ், ஆல்ஃபிரட் மீக்கின் மாதிரியான இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆலைகள் அரச முத்திரையின் சாயலில் சாதாரணச் சாப்பாட்டுத் தட்டுக்கெல்லாம் அடித்துத் தள்ளியிருக்கின்றன. துரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தட்டு நல்ல கனம், தினப்படிக்கு உழைக்கும், விலைக்கு ஆகாது.

நீலத்தில் பறவையும் கிளையும் அச்சிட்ட தட்டு ஒன்றுதான் என்னை உட்கார வைத்தது. அடியில் சின்னதாக ஒரு சாய்சதுரம், உச்சியில் வட்டம், வட்டத்துக்குள் ரோமன் எண் நான்கு. இது பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவுக் குறி, 1842 முதல் 1883 வரை புழக்கத்தில் இருந்தது. நான்கு என்றால் களிமண் பொருள் வகை. மூலைகளில் எழுத்தும் எண்ணும் இருக்கும். 1867 வரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். என் தட்டில் மேலே எண், வலதில் 'சி'. அட்டவணைப்படி 1870. இதே 'சி' மேல் மூலையில் இருந்திருந்தால் 1844 ஆகியிருக்கும். எந்த மூலை என்பதில் கால் நூற்றாண்டு புரண்டுவிடும், லென்ஸ் இல்லாமல் பார்க்காதீர்கள். இன்னொன்று, அது வடிவத்தைப் பதிந்த ஆண்டு, தட்டைச் சுட்ட ஆண்டு அல்ல. நன்றாக ஓடிய வடிவத்தைப் பல வருடம் அடித்திருப்பார்கள். 1884இலிருந்து சாய்சதுரம் போய் 'ஆர்டி நம்பர்' என்று பதிவுத் தொடர் எண் வந்துவிட்டது.

கையால் தீட்டியதா, அச்சா என்பதும் லென்ஸில் தெரியும். பழைய செப்புத்தகட்டு அச்சில் கோடுகளும் புள்ளிகளும் செதுக்கினது போலத் தெரியும். மெல்லிய காகிதத்தில் எடுத்து ஒட்டியதால் விளிம்பில் எங்காவது பூக்கொடி பொருந்தாமல் வெட்டுப்பட்டு நிற்கும். என் தட்டில் கைக்கடிகாரத்தின் நாலு மணி இருக்கும் இடத்தில் ஒரு இலை பாதியோடு நின்று, அடுத்த பாதி இரண்டு மில்லிமீட்டர் கீழே தொடங்குகிறது. நவீன ஸ்டிக்கர் அச்சில் பத்திரிகைப் படம் மாதிரி வண்ணப் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும். சிங்கப்பூர் உறவினர் கொடுத்த சின்னப் பூச்சாடி இதில்தான் மாட்டியது. அடியில் ஆறு சீன எழுத்து, காங்ஷி மன்னர் காலத்தது என்று. அவர் ஆண்டது 1662 முதல் 1722 வரை. பூவிலோ சீரான புள்ளி. மன்னர் பெயரை வைத்துச் சீனப் பொருளுக்கு வயது சொல்லவே கூடாது. 19ஆம் நூற்றாண்டிலேயே முன்னோருக்கு மரியாதையாகப் பழைய மன்னர் பெயரை எழுதும் வழக்கம் இருந்தது. ஏமாற்றுக்காகவும் எழுதினார்கள்.

ஜப்பான் தேநீர்ச் செட்டு வேறு ஆட்டம். கோப்பை முட்டை ஓடு மாதிரி மெலிசு, வெளியே புடைப்பாக டிராகன். கோப்பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் அடியைப் பார்த்தேன். பீங்கானின் கனத்தை ஏற்றி இறக்கிச் செதுக்கிய ஒரு பெண் முகம், கொண்டையும் கண்ணிமையுமாகத் தெளிவாக வந்தது. கோப்பையை இறக்கினால் வெறும் வெள்ளை. அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இத்தன வருசமும் இவ உள்ளுக்குள்ளயா இருந்தா!" என்று ஆறு கோப்பையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வயது? அமெரிக்கச் சுங்கம் 1921 வரை 'நிப்பான்' என்ற பெயரை ஏற்றது, பிறகு 'ஜப்பான்' என்றுதான் போட வேண்டும் என்றது. போருக்குப் பிறகு 1952 வரை 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று பொருள்படும் முத்திரையும் வந்தது. எங்கள் செட்டில் 'ஜப்பான்' மட்டும். முகம் தெரியும் இந்த டிராகன் செட்டுகள் 20ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானவை. பார்க்க அழகு, கிடைப்பதும் எளிது. அதிலும் தேநீர்க் கூஜாவுக்கு மூடி இல்லை. மூடி இல்லாவிட்டால் செட்டுக்குப் பாதி விலைகூடத் தேறாது.

பெரிய பூத்தட்டு ஒன்று, என் முழங்கை நீளம் அகலம். அத்தைக்குக் காயல்பட்டினத்துத் தோழி வீட்டில் கல்யாணத்துக்குப் போனபோது கொடுத்ததாம். அங்கே சஹன் சாப்பாடு என்று ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதற்கான அளவு. அடியில் ஸ்பிங்க்ஸ் படுத்திருக்கும் முத்திரை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஊரில் பெட்ரஸ் ரெகூ ஆரம்பித்த ஆலை அது. மண்பாண்ட வகைதான், நாக்கு ஒட்டுகிறது. தென்கிழக்கு ஆசியச் சந்தைக்கென்றே இப்படிப் பளிச்சென்ற பூப்போட்டு அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பல் வியாபாரிகள் கையில் காயல்பட்டினத்துக்கு வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது யாரும் சீந்தாமல் கடகத்தின் அடியில் கிடந்த ஒரு நீலக் கிண்ணம். மங்கின நீலம், அவசரத் தூரிகை, வட்டமும் சரியில்லை. உட்புறம் நடுவில் மெருகு இல்லாத ஒரு வளையம். கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கிச் சுடும்போது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அந்த இடத்து மெருகைச் சுரண்டிவிடுவார்கள். அடிவட்டத்தில் மணல் ஒட்டியிருக்கிறது, மெருகின் விளிம்பில் துரு நிறக் கோடு. தென் சீனச் சூளைகளில் சாமானிய மக்களுக்காகச் செய்து கப்பலேற்றிய சரக்கின் லட்சணம் இவ்வளவும். 19ஆம் நூற்றாண்டாக இருக்கலாம், அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல மாட்டேன். கிண்ணம் ஒருமுறை இரண்டாக உடைந்திருக்கிறது. வெளிப்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே நான்கு பித்தளைக் கம்பித் தையல். துளை உள்பக்கம் வரவில்லை, பாதிக் கனம் வரைதான் துளைத்துக் கம்பியின் இரண்டு முனையையும் மடக்கி இறக்கியிருக்கிறார் யாரோ. அந்த மெல்லிய சுவரில் பாதி வரை துளைத்து நிறுத்துவது சாதாரணக் கை இல்லை. இப்போதும் தண்ணீர் ஊற்றினால் கசியவில்லை.

ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்க ஊதா டார்ச் உதவும். இருட்டில் அடித்தால் புதுப் பசையும் பூசி மறைத்த பெயிண்டும் தனி நிறத்தில் பளிச்சென்று நிற்கும். ஆங்கிலச் சாசர் ஒன்றின் விளிம்பில் இப்படி ஒரு திட்டு தெரிந்தது. பகலில் எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை.

பரணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பழுப்பு, கீழே வெள்ளை என்று ஊறுகாய்ப் பரணி நான்கு இருந்தன. நம் நாட்டுக் கல்பாண்டம், கடைகளில் இன்றும் புதிதாகவே கிடைக்கிற சாதி. அத்தை அதை விலை பேசவே விடவில்லை, நார்த்தங்காய்க்கு வேண்டுமாம். அது சரியான முடிவு. மாறாக, பழைய வண்ணத் தட்டுகளில் புளிப்பானதை வைக்காதீர்கள். பழைய மெருகிலும் மேல்வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும், புளிக்குழம்பும் ஊறுகாயும் அதை இழுக்கும்.

இதற்கிடையே அத்தையின் பேரன் பழையகாயல் பக்கம் வயலில் பொறுக்கியதாக டப்பா நிறைய உடைந்த பாத்திரச் சில்லு கொண்டுவந்தான். இரண்டு துண்டு பச்சை மெருகு, சாம்பல் நிற உடல், சந்தேகமில்லாமல் சீனச் சாயல். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய காயல் துறைமுகம் அதுதான். தாமிரபரணி வண்டல் தள்ளி கடல் விலகிப்போக ஊர் உள்நாட்டில் நின்றுவிட்டது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் கொற்கையையும் காயலையும் தோண்டிப் பார்த்து, அங்கே சீனப் பீங்கான் சில்லுகள் கிடந்ததை 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் எழுதியிருக்கிறார். சந்தையில் சில்லுக்கு விலை கிடையாது. கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் அதற்குப் பேச்சு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பத்து ரூபாயைக் கேட்டுப் பையன் சிரித்தான். எந்த வயல், எந்த வரப்பு என்று எழுதி டப்பாவுக்குள் போடச் சொன்னேன். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுவதாக ஏற்பாடு. இனிமேல் பொறுக்காதே என்றும் சொல்லியாயிற்று.

இப்போது விலை. இணையத்தில் ஒரே மாதிரித் தட்டு லட்ச ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் படம் அனுப்பினான். போட்ட விலை ஆசை, விற்ற விலைதான் விலை. ஏல நிறுவனத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கலாம், அதைத்தான் எடுத்துக்கொண்டேன். அதையும் அப்படியே ரூபாயாக மாற்றக் கூடாது. நூறு வயது தாண்டியது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே லண்டன் விலை நமக்கு வேடிக்கை பார்க்க மட்டும். நம் விலை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் என்ன ஓடுகிறதோ அது. கடைக்காரர் விற்கும் விலையில் மூன்றில் ஒன்று, மிஞ்சினால் பாதி, நம் கைக்கு வரும். அவர் வாடகை கட்ட வேண்டும், உடைந்தால் அவர் நஷ்டம், வருடக்கணக்கில் தூசி தட்ட வேண்டும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

விரிசல், சில்லு, மூடி, ஜோடி இந்த நான்கையும் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி, விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளவெடுத்து, அடிப்படமும் ஒட்டினேன். அண்ணாச்சி மறுபடி வந்தபோது நோட்டை விரித்து முன்னால் வைத்தேன். ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, சாய்சதுரத் தட்டை மட்டும் கையில் எடுத்தார்.

"யக்கா, படிச்சிட்டிய. பெறகு நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

"இது ஒண்ணுக்கு மூவாயிரம். காயல் தட்டுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு. ஜப்பானுக்கு மூடி இல்ல, ஆயிரத்து இருநூறுக்கு மேல தாங்காது. வெள்ளத் தட்டு, தட்டுக்கு அம்பது. பழசுன்னா பழசுதான், வாங்க ஆளு வேணும்லா."

நான் எழுதி வைத்திருந்ததற்கும் அவர் சொன்னதற்கும் பெரிய தூரமில்லை. சாய்சதுரத் தட்டு மட்டும் மூவாயிரத்து எண்ணூறில் வந்து நின்றது. வெள்ளைத் தட்டுக் கட்டும், உதிரி சாசர்களும், மாஸ்ட்ரிக்ட் இல்லாத மற்றப் பூத்தட்டுகளும் அதே வண்டியில் போயின. நாலாயிரத்துக்குப் பேசின சரக்கில் ஒரு பகுதிக்கே பதினோராயிரத்துச் சொச்சம் வந்தது. காயல் தட்டை அத்தை கொடுக்கவில்லை, தோழி கொடுத்ததை விற்பார்களா என்றார். தையல் போட்ட கிண்ணத்தை அண்ணாச்சி திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு, இருநூறு" என்று கீழே வைத்தார். அந்த இருநூறை அத்தையிடம் நான் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

மிச்சத்தை அடுக்கும்போது தட்டுக்கு நடுவே தினத்தாள் வைக்கவில்லை, மை இறங்கும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்தேன். கோப்பைகளைக் கைப்பிடியில் தொங்க விடாமல் நிமிர்த்தி ஒற்றை அடுக்காக வைத்தாயிற்று. ஜப்பான் செட்டு இன்னும் விற்கவில்லை. அதன் கூஜா வாய் உள்வட்டம் 62 மில்லிமீட்டர். அதே டிராகன் வகையில் கூஜா உடைந்து மூடி மட்டும் மிஞ்சிய வீடு தூத்துக்குடி, காயல் பக்கம் எங்காவது இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.